செங்கல் மேல் நின்ற பிளசர்

அந்தக் காரை அப்பா டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துவந்து வீட்டு முகப்பில் நிறுத்தியபோது, காலேஜ் நாளிலிருந்து சுவரோரமாக நின்ற என் ஸ்கூட்டரை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான். மறுநாள் காலையில் சக்கரம் நாலையும் கழற்றி, செங்கல் அடுக்கி, வண்டியை அதன்மேல் உட்கார வைத்துவிட்டார்கள். அப்புறம் பார்த்தால் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பதினேழு அடி நீளத்துக்கு அமெரிக்கா. நடுவில் என் ஸ்கூட்டர் அசையக்கூட வழியில்லாமல் நின்றது. கேட்டையும் பாதிக்கு மேல் திறக்க முடியாது. பால்காரர் முதல் கேஸ் கொண்டுவருகிறவர் வரை எல்லோரும் பக்கவாட்டில் ஒருக்களித்துத்தான் உள்ளே வர வேண்டும். "பத்து நாளைக்கு ஆட்டோவுல போயிக்க" என்றார் அப்பா. அந்தப் பத்து நாள் ஒன்றரை வருஷம் ஓடியது.

நான் கோயம்புத்தூரில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் வரைபடம் போடுகிறவள். கல்யாணம் ஆகி, அது ஆகாமலும் போய், ஒற்றை அறை வாடகை வீட்டில் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாமல் இருந்தேன். அப்பாவுக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்டது என்று போன் வந்ததும் ரெண்டு சுடிதாரைப் பையில் திணித்துக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினேன். பதினைந்து நாளில் திரும்பிவிடுவதாக நினைப்பு. கால் சீக்கிரமே தேறிவிட்டது. கை மட்டும் ஒரு டம்ளரைக்கூட உறுதியாகப் பிடிக்க மாட்டேன் என்றது. கம்பெனியும் பெரிய மனசு பண்ணி, வீட்டில் இருந்தபடியே வேலையைப் பார் என்றது. அங்கேதான் மாட்டினேன். வீட்டிலேயே வேலை பார்க்கிறவளுக்கு எதற்குத் தனி ஊர், தனி வீடு என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கிளம்பினேன், ரெண்டு தடவை. முதல் தடவை அம்மாவுக்குத் தலை சுற்றிக்கொண்டு வந்தது. அடுத்த தடவை அப்பா, "நீ போம்மா, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு ரெண்டு வேளை சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஒரே பிள்ளையாகப் பிறந்ததில் இது ஒரு வசதி, பழியைப் பங்கு போட ஆள் கிடையாது. அத்தை ஒருத்தி வந்து, "தனியாப் போயி அங்க என்னத்த வெட்டி முறிக்கப் போற" என்றாள். அவள் டம்ளரில் காபியை ஊற்றும்போது கொஞ்சம் மேலே தெளித்தேன். அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் இந்தக் கார். புகையிலை வியாபாரத்தில் கொழித்த காலத்தில் தாத்தா, மலைமேல் எஸ்டேட் வைத்திருந்த ஒருவரிடம் வாங்கிய அமெரிக்க வண்டி. எங்கள் வீட்டில் அதற்குப் பேர் பிளசர். நான் சின்னப்பிள்ளையாக இருந்தவரை ஓடியது. வருஷா வருஷம் பூசத்துக்கு அதில்தான் பழனி போவோம். அந்தக் கூட்டத்தில் வண்டியை எவனாவது கிளப்பிக்கொண்டு போய்விடுவான் என்று அப்பாவுக்குப் பயம். நிறுத்தியதும் பானட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரோட்டரை உருவி, "வச்சுக்க" என்று அம்மாவிடம் நீட்டுவார். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். கறுப்பாக, தலையில் ஒரு பித்தளைத் தகடோடு. அது சுற்றினால்தான் பிளக்குகளுக்குக் கரண்ட் போகும். அது இல்லையென்றால் எவ்வளவு பெரிய எஞ்சினும் வெறுமனே இருமிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு மலை ஏறி இறங்குவாள். அப்புறம் தாத்தா போய், வியாபாரமும் போய், வண்டி சாணார்பட்டிப் பக்கத்துத் தோட்டத்துக் கொட்டகையில் முப்பது வருஷம் கிடந்தது. கொண்டுவந்த அன்றைக்குப் பின்சீட்டில் கோழி இறகும், ஒரு முழுப் பாம்புச் சட்டையும் இருந்தன.

"ஒத்தக் கையி எனக்கு. நீதேன் மறு கையி" என்றார் அப்பா. நான் முடியாது என்றேன். அவர் எழுந்து, சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று சொன்னார். "இந்த வண்டி எந்திரிச்சு, நம்ம குலசாமி கோயிலுக்கு ஒரு ஓட்டம் போயிட்டு வரட்டும். மறுநா நீ கோயம்புத்தூர் கெளம்பு. நான் குறுக்க நின்னா ஏன்னு கேளு." எங்கள் வீட்டில் ஆயிரம் குறை உண்டு. ஆனால் சாமி முன்னால் சொன்ன வார்த்தையை யாரும் மாற்றிப் பேசியதில்லை. அதை நம்பி ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

எடுத்த முதல் ஸ்பேனரே சேரவில்லை. அமெரிக்கக்காரன் இஞ்சுக் கணக்கில் போட்ட போல்ட்டுக்கு நம்மூர் மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்று வழுக்கும், இல்லை உள்ளேயே போகாது. ஒரு இஞ்சு ஸ்பேனர் செட் தேடிப் பிடிக்கவே ஒரு மாதம் போயிற்று. வாரத்தில் ரெண்டு நாள் ஒரு மெக்கானிக் அண்ணன் வருவார். கழுத்தில் சிலுவை, வாயில் எப்போதும் ஏதாவது ஒரு நட்டு. மீதி நாளெல்லாம் நானும் அப்பாவும்தான். காலையில் மடிக்கணினியில் பம்பு வரைவேன். சாயங்காலம் வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுப்பேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடியால் காட்டிக் காட்டி வேலை வாங்குவார்.

"ஏ பிள்ள, அது இல்ல, அதுக்கு அங்கிட்டு."

"அங்கிட்டுன்னா எங்கிட்டு? இங்க வந்து படுத்துப் பாருங்க, தெரியும்."

"இம்புட்டுப் படிச்சு என்ன புண்ணியம்? சோத்துக்கை எதுன்னு தெரியல."

இப்படியே நாள் முழுக்க. உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியில் ரேகையே அழிந்துவிட்டது. போனைத் தொட்டால் திறக்கவில்லை. எத்தனை சோப்பு போட்டாலும் சோற்றில் மண்ணெண்ணெய் வாடை. கோயம்புத்தூரில் என் அறைக்கு வாடகை போய்க்கொண்டே இருந்தது. அங்கே ஜன்னலில் நான் வைத்துவிட்டு வந்த துளசி என்றோ காய்ந்திருக்கும். சில நாள் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது, இதன் எடையெல்லாம் என் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். அப்போது கண்ணை மூடிக்கொண்டு, என் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தத்தை நினைத்துக்கொள்வேன்.

உண்மையை மறைப்பானேன், வேலை எனக்குப் பிடித்துப் போனது. அதுதான் இன்னும் எரிச்சல். கார்புரேட்டரைப் பிரித்து, கழுவி, திரும்பக் கோத்த அன்றைக்கு நானும் அப்பாவும் கெக்கெக்கே என்று சிரித்தோம். அம்மா அரிவாள்மனையை அடுப்படியிலிருந்து முகப்புப் படிக்கே கொண்டுவந்துவிட்டாள். சின்ன வெங்காயம் உரிப்பதும், அவரைக்காய் ஆய்வதும் எல்லாம் படியில்தான். காற்றோட்டமாக இருக்கிறது என்பாள். ஒரு பேச்சிலும் கலந்துகொள்ள மாட்டாள். "காபி போடவா?" என்று மட்டும் கேட்பாள். அப்பா அவள் பக்கம் திரும்பாமலே, "ம்" என்பார்.

டிங்கர் வேலை முடிந்தது, பட்டி பார்த்து பெயிண்டும் அடித்தாயிற்று. சக்கரம் மாட்டிச் செங்கலிலிருந்து இறக்கினோம். எஞ்சினைக் கிளப்பிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அந்த வாரம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதெல்லாம் இனிமேல் கிடையாது, அடுத்த மாதம் முடிந்து ஒன்றாம் தேதி நேரில் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள். நான் பயப்படவில்லை. இன்னும் ஐந்து வாரம் இருந்தது, வண்டியோ தயார்.

மெக்கானிக் அண்ணன் வந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே ரோட்டர் இல்லை.

முந்தின நாள் துடைத்து வைத்தது நான்தான். வண்டிக்கு அடியில், சாமான் கழுவுகிற மண்ணெண்ணெய்த் தொட்டியில், கழிவுத் துணிக்குள், எங்கேயும் இல்லை. அப்பா மெக்கானிக்கை முறைத்தார், மெக்கானிக் என்னைப் பார்த்தார். எழுபது வருஷத்து அமெரிக்க வண்டிக்கு ரோட்டர் பெட்டிக்கடையிலா தொங்கும்? மதுரை, கோயம்புத்தூர், ஒரு கடை பாக்கியில்லை. கடைசியில் வேறொரு பழைய வண்டியின் ரோட்டரை வாங்கி, லேத்தில் கொடுத்து உயரம் குறைத்து, ஒரு பூட்டுப் பட்டறைக்காரரிடம் பித்தளைத் தகடு ராவி வாங்கி ஒட்டினோம். அதற்கே நாலு வாரம் போயிற்று. வெள்ளிக்கிழமை மாட்டி, சனிக்கிழமை நல்ல நேரத்தில் கிளப்பலாம் என்று வைத்தோம். சனிக்கிழமை காலையில் மூடியைத் திறந்தால் அதையும் காணோம்.

ஒன்றாம் தேதிக்கு நாலே நாள். கோபம் என் கண்ணை மறைத்துவிட்டது. ஒரு தடவை தொலையலாம், ரெண்டு தடவை தொலையுமா? வண்டி ஓடாவிட்டால் யாருக்கு லாபம்? ரோட்டரை உருவி வைக்கிற பழக்கம் யாருடையது?

"நீங்கதான எடுத்தீங்க?" என்றேன்.

அப்பாவுக்கு முகம் சிவந்தது. "நானா? ஏய், யாரைப் பாத்து என்ன கேக்குற?"

"வாக்கு குடுக்க வேண்டியது, அப்புறம் களவாட வேண்டியது. பேசாம கால்ல சங்கிலியப் போட்டு அந்தத் தூணுல கட்டிப் போட்ருங்க. இம்புட்டு நாடகம் வேண்டியதில்ல."

தெருவே கேட்டிருக்கும். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கத்தக் கத்த எனக்குத்தான் அழுகை வந்தது. அப்பா தடியைத் தரையில் ஓங்கி ஊன்றினார். "கொண்டா சூடத்த" என்றார்.

எங்கள் பக்கத்தில் பழியைத் துடைக்க இதுதான் கடைசி வழி. சூடத்தைக் கொளுத்தி, எரிகிற தீயைக் கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சத்தியம் பண்ண வேண்டும். பொய்யாக அடித்தவன் குடும்பம் விளங்காது என்று நம்பிக்கை. வண்டியைத் தாங்கிய செங்கல்களில் ஒன்றை நடுவில் வைத்து, அதன்மேல் அப்பாவே ஒரு கட்டிச் சூடத்தைக் கொளுத்தினார். நல்ல கையை ஓங்கி ஒரே அடி. "எடுத்தவன் நானில்ல. போதுமா?" என்றார். உள்ளங்கையில் கரி.

அதோடு விட்டாரா? "ஒருத்தர் பாக்கியில்லாம அடிக்கணும்" என்றார். மெக்கானிக் அண்ணன், "எங்களுக்கு இதெல்லாம் கிடையாதுங்கய்யா" என்று நெளிந்தார். அப்புறம் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, அவரும் ஒரு அடி அடித்தார். நானும் அடித்தேன். எடுக்காத நான் எதற்கு அடிக்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. அப்பா வீட்டுக்குள் பார்த்து, "ஏய், நீயும் வா. உன்னையும் எதுக்கு விட்டு வைக்கணும்" என்று கூப்பிட்டார். சும்மா ஒரு கணக்குக்குத்தான் கூப்பிட்டார்.

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள். நாலாவது சூடம் எரிந்துகொண்டிருந்தது. அவள் செங்கலுக்கு முன்னால் நின்றாள். கையைத் தூக்கவில்லை.

"சட்டுன்னு அடிச்சுட்டுப் போ, அடுப்புல வேல கெடக்குல்ல" என்றார் அப்பா.

அவள் தீயையே பார்த்துக்கொண்டு நின்றாள். சூடம் சிறுத்து, உருகி, தானாகவே அணைந்தது. அம்மா முந்தானை முடிச்சை முன்னால் இழுத்து, பல்லால் கடித்து அவிழ்த்தாள். பழையது ஒன்றும், நாங்கள் செய்தது ஒன்றுமாக ரெண்டு ரோட்டரையும் செங்கல் மேல் வைத்தாள்.

"பொய்ச் சத்தியம் எனக்கு வேணாம்" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். என் வயதுக்கு அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து நாப்பது வருசமாச்சு. சோறு போடவான்னு நான் கேப்பேன், ம்னு ஒரு சத்தம் வரும். வெஞ்சனம் போதுமான்னு கேப்பேன், அதுக்கும் ம். அம்புட்டுத்தேன் பேச்சு. இந்த வண்டி வந்த பொறவுதேன் வீட்டுல மனுசச் சத்தமே கேக்குது. நீங்க சண்ட போடுறீக, சிரிக்கிறீக, நான் படியில உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். வண்டி ஓடிருச்சுன்னா நீ போயிருவ. நீ போயிட்டா நான் இந்தச் செவத்தப் பாத்துக்கிட்டு உக்காரணும். அதேன் எடுத்தேன். தப்புத்தேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என் வேலை, என் அறை, என் தாழ்ப்பாள் எல்லாம் அந்த முந்தானையில்தான் கிடந்திருக்கிறது. ஆனால் எனக்கு வெட்கம்தான் வந்தது. மாட்டிக்கொண்டேன், மாட்டிக்கொண்டேன் என்று ஒன்றரை வருஷமாகக் கோயம்புத்தூர் சிநேகிதிகளிடமெல்லாம் போனில் புலம்பியிருக்கிறேன். படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு அதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள். அவள் யாரிடம் போய்ப் புலம்புவாள்? அம்மாவுக்கு ஒரு பேச்சுத் துணை வேண்டும் என்று எனக்கு ஒரு நாளாவது தோன்றியதா? சீ என்று இருந்தது.

அப்பா தடியை ஊன்றிச் செங்கல் பக்கம் குனிந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அம்மாவைப் பார்த்து, "அந்த மூடியில கிளிப்பு ரொம்ப இறுக்கமா இருக்குமே, எப்படிக் கழட்டுன?" என்றார்.

"ஒவ்வொரு பூசத்துக்கும் நீங்க கழட்டுறத நின்னு பாத்தவதானே."

"மாட்டவும் தெரியுமா?"

"ஏன் தெரியாம?"

"அப்ப மாட்டு."

அம்மா பழைய ரோட்டரை எடுத்து, சேலையில் துடைத்து, பானட்டுக்குள் குனிந்தாள். கொஞ்சம் திருப்பிப் பார்த்து அழுத்தி உட்கார வைத்து, மூடியைப் போட்டு ரெண்டு கிளிப்பையும் தட்டி மாட்டினாள். நான் உள்ளே உட்கார்ந்து செல்ஃப் அடித்தேன். ரெண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை வீடே அதிர ஒரு சத்தம், பின்னால் ஒரு பெரிய புகை. மெக்கானிக் அண்ணன் வாயிலிருந்த நட்டைத் துப்பிவிட்டு, "அல்லேலூயா" என்றார். எதிர்வீட்டு மாடியில் கை தட்டினார்கள்.

மறுநாளே கோயில் ஓட்டம். நான் ஓட்டினேன், அப்பா பக்கத்தில், அம்மா பின்சீட்டில். சாணார்பட்டி தாண்டிப் பூந்தோட்டங்களுக்கு நடுவில் போகும்போது சாலையில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். கோயில் வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. அப்படியும் அப்பா பானட்டைத் திறந்து, ஒற்றைக் கையாலேயே ரோட்டரை உருவி, அம்மாவிடம் நீட்டினார். அவள் வாங்கி முடிந்துகொண்டாள். இந்த முறை அப்பா அவள் முகத்தைப் பார்த்துத்தான் நீட்டினார். நான் பார்த்தேன்.

வாக்கு வாக்குதான். ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் அப்பா என் பையைத் தானே வாசல்வரை தூக்கிவந்தார். வண்டி முன்னால் நகர்ந்திருந்ததில் என் ஸ்கூட்டரும் வெளியே வந்திருந்தது. பாட்டரி செத்து, டயரில் காற்றில்லாமல் நின்றது. அதை மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்துவிட்டு ஆட்டோ ஏறினேன். அம்மா அழவில்லை. முறுக்கு டப்பா ஒன்றைப் பைக்குள் திணித்தாள். "நமுத்துப் போறதுக்குள்ள தின்னு" என்றாள்.

ஒட்டன்சத்திரத்தில் மார்க்கெட்டுக்குத் திரும்புகிற காய்கறி லாரிகள் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. பஸ் நின்றுவிட்டது. வெயில், தக்காளி வாடை, ஹாரன் சத்தம். எனக்கோ உலகமே விசாலமாகத் தெரிந்தது. ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. முறுக்கை எடுக்கலாம் என்று டப்பாவைத் திறந்தேன். மேலாக ஒரு கைக்குட்டை முடிச்சு. அவிழ்த்தால், ரோட்டர். ஒன்றல்ல, ரெண்டும்.

கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரோட்டர் இல்லாமல் வண்டி ஓடாது. அதை மாட்ட நான்தான் திரும்பிப் போக வேண்டும். தப்புத்தேன் என்று சொன்ன அதே வாயை வைத்துக்கொண்டு, போய் வா என்று அனுப்பிவிட்டு, கயிற்றின் ஒரு நுனியை என் பைக்குள்ளேயே போட்டு அனுப்பியிருக்கிறாள் பாதகத்தி! எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்போது போன் அடித்தது, அப்பா.

"ஏ பிள்ள, ரோட்டர எங்க வச்ச?"

"வண்டியிலதானப்பா இருக்கும்."

"இல்ல. டேஷ்போர்டுல வச்ச ரெண்டாவதையும் காணோம். உங்கம்மாகிட்டக் கேட்டா முந்தானைய உதறிக் காட்டுறா. சூடத்த அடின்னா, வீட்டுல சூடம் தீந்துபோச்சுங்குறா."

அவருக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "சீட்டுக்கு அடியில நல்லாப் பாருங்க. நான் டார்ச்சு பிடிக்கிறேன்ல." "நீ எங்கிட்டுப் பிடிக்கிற, கண்ணுல அடிக்குது" என்று அப்பா கத்தினார். அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் போனில்தான் முதல்முதலாகக் கேட்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன். உள்ளங்கையில் ரெண்டு ரோட்டரும் வியர்வையில் நனைந்திருந்தன.

"எனக்குத் தெரியலப்பா" என்றேன். "ரெண்டு பேருமாச் சேந்து தேடுங்க. சனிக்கெழம வாரேன், வந்து நானும் தேடுறேன்."

நல்லவேளை, அந்த பஸ்ஸில் யாரிடமும் சூடம் இல்லை.